எழுத்தில்லாமல் அமைதியை வரையச் சொல்லும் ஒரு போட்டி: அரிமா சங்க அமைதி ஓவியப் போட்டி குறித்து ஓர் ஓவிய ஆசிரியரின் மதிப்பீடு

பள்ளிக்கு வரும் சுற்றறிக்கைகளில் ஓவியப் போட்டிகளுக்கு எப்போதும் குறைவில்லை. சாலைப் பாதுகாப்பு, மின்சிக்கனம், வாக்காளர் விழிப்புணர்வு, நெகிழி ஒழிப்பு என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு துறை பிள்ளைகளிடம் படம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை, பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட ஒரு வாசகத்துக்குப் படம் போட்டுத் தரும்படியே கேட்கின்றன. அரிமா சங்கங்களின் (லயன்ஸ் கிளப்) பன்னாட்டு அமைப்பு 1988 முதல் நடத்திவரும் அமைதி ஓவியப் போட்டியையும் அந்த வரிசையில் ஒன்றாக எண்ணி ஒதுக்கிவிடும் ஆசிரியர்கள் உண்டு. பல ஆண்டுகளாக என் மாணவர்களை அதில் பங்கேற்கச் செய்துவருபவன் என்ற முறையில், அது தனித்து நிற்கும் ஒரு போட்டி என்று உறுதியாகச் சொல்வேன். அதற்குக் காரணம் பரிசுத் தொகையோ உலகளாவிய பெயரோ அல்ல. அதன் விதிகளுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு வரிதான். ஓவியத்தின் முன்பக்கத்தில் எந்த மொழியிலும் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ இருக்கக் கூடாது என்கிறது அந்த வரி.

முதலில் போட்டியின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 15 அன்று 11, 12 அல்லது 13 வயதில் இருக்கும் பிள்ளைகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். நம் பள்ளிக் கணக்கில் இது பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. மாணவரோ பள்ளியோ நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை. உள்ளூர் அரிமா சங்கம் ஒன்று பொறுப்பேற்று, போட்டிக்கான கிட்டை அக்டோபர் 1ஆம் தேதிக்குள் தலைமையகத்திடமிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கிட்டில் சங்கத்துக்கும் பள்ளிக்கும் தனித்தனியே விதிமுறைக் கையேடு, நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுப்பதற்கான ஓர் அறிவிப்புத் தாள், தேர்வாகும் ஓவியத்தின் பின்புறம் ஒட்டுவதற்கான வில்லை, வெற்றி பெறும் மாணவருக்கும் பள்ளிக்கும் உரிய சான்றிதழ்கள் ஆகியவை இருக்கும். எத்தனை பிள்ளைகள் வரைந்தாலும் ஒரு கிட்டுக்கு ஓர் ஓவியம்தான் மேலே செல்லும். அது நவம்பர் 15க்குள் அரிமா சங்கத்தின் மாவட்ட ஆளுநரிடம் சென்று, அங்கிருந்து படிப்படியாகத் தலைமையகத்தை அடைந்து, இறுதியில் உலக அளவில் 24 ஓவியங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. முதற்பரிசு 5,000 டாலரும் பரிசளிப்பு விழாவுக்கான பயணமும். மற்ற 23 பேருக்கும் தலா 500 டாலர். முதல் ஆண்டின் முதற்பரிசு, உள்நாட்டுப் போர் அப்போதும் ஓயாமல் இருந்த லெபனானைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் போயிற்று என்பதை வகுப்பில் நான் தவறாமல் சொல்வதுண்டு. அமைதியைப் பற்றிய படம் அமைதியாக இருக்கும் நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்று பிள்ளைகள் அதிலிருந்து புரிந்துகொள்கிறார்கள்.

இனி, நான் குறிப்பிட்ட அந்த விதிக்கு வருகிறேன். அமைதி என்று தலைப்புக் கொடுத்து ஒரு தாளை நீட்டினால், நம் பிள்ளைகளின் கை முதலில் போவது வாசகத்துக்குத்தான். தாளின் மேற்பகுதியில் பட்டையான எழுத்தில் ஒரு முழக்கத்தை எழுதி, அதற்கு மூன்று வண்ணத்தில் நிழல் கொடுத்து முடிப்பதற்குள் பாதி நேரம் கழிந்துவிடும். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு புறா, ஒரு பூமி உருண்டை, கோர்த்த இரண்டு கைகள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சுவரிலும் பேருந்திலும் பாடநூல் அட்டையிலும் அவர்கள் பார்த்து வளர்ந்தது எழுத்து பேசும் படங்களைத்தான். அந்த எழுத்தை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்க இந்த விதி அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. விதியைக் கேட்டதும் வகுப்பில் ஒரு திகைப்பு எழும். பிறகு நடப்பதுதான் கல்வி.

2024-25ஆம் ஆண்டுக்கான தலைப்பு, எல்லையற்ற அமைதி என்பது. எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிவாசலில் நோன்புக் காலத்து மாலைகளில் கஞ்சி வாங்க நிற்கும் வரிசையை வரையத் தொடங்கினான். பெரிய அண்டா, அகப்பையோடு ஒரு பெரியவர், தூக்குவாளிகளோடு நிற்கும் பிள்ளைகள். முதல் வரைவில் அண்டாவின் மேல் ‘நோன்புக் கஞ்சி’ என்று எழுதியிருந்தான். எழுதக் கூடாது என்றதும், வெளிநாட்டில் இருக்கும் நடுவருக்கு இது கஞ்சி என்று எப்படித் தெரியும் சார், சும்மா சாப்பாட்டு வரிசை என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்டான். மிகச் சரியான கேள்வி. நான் விடை சொல்லவில்லை. அந்த வரிசையில் நிற்கிறவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வரைவுகளில் அவன் படம் மாறிக்கொண்டே போயிற்று. வானத்தில் அந்திச் சிவப்பும் மினாராவுக்குப் பக்கத்தில் மெல்லிய பிறையும் வந்தன. வரிசையில் தொப்பி அணிந்த ஒரு சிறுவனுக்குப் பின்னால் நெற்றியில் திருநீறு பூசிய ஒரு சிறுமியும், அவளுக்குப் பின்னால் கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒரு பாட்டியும் வந்து நின்றார்கள். கடைசியாக அவன் செய்த மாற்றம்தான் என்னை மிகவும் மகிழ வைத்தது. பள்ளிவாசலின் வாயிற்கதவை முதலில் வரிசைக்குப் பின்னால், ஒரு பின்னணிக் கட்டடமாக வைத்திருந்தவன், அதைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவந்து அகலத் திறந்துவிட்டான். வரிசை அந்தக் கதவின் வழியாகத் தெருவுக்கு நீண்டு, தாளின் விளிம்பில் போய் முடிந்தது. தலைப்பில் இருந்த எல்லையை அவன் அந்தக் கதவில் கண்டுபிடித்துவிட்டான். ஒரு சொல் எழுத அனுமதித்திருந்தால் இந்த நான்கு மாற்றங்களில் ஒன்றுகூட நிகழ்ந்திருக்காது என்று நம்புகிறேன். அந்த ஓவியம் மாவட்ட அளவைத் தாண்டவில்லை. ஆயினும் அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்த மிகச் சிறந்த பாடம் அதுவே.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத நல்லிணக்கம் என்றதும் கோயில் கோபுரம், மசூதி, தேவாலயம் மூன்றையும் வரிசையாக நிறுத்திவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தில் மனிதர்களே இருப்பதில்லை. மூன்று கட்டடங்கள் அருகருகே நிற்பதால் மூன்று வீட்டார் ஒருவரையொருவர் அறிந்துவிட்டதாக ஆகாது. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் செல்வதை, ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்பதை, ஒருவர் துக்கத்தில் மற்றவர் தோள் கொடுப்பதை வரையும்படி நான் சொல்வேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஊரே சண்டைக்கு உதாரணமாகச் சொல்லும் குழாயடியையே எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு வந்தவளின் குடத்தை முன்னால் நிற்பவள் தூக்கி இடுப்பில் வைத்துவிடுவதாக வரைந்தாள். உலக அமைதிக்குக் குழாயடியா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்தப் பெண் தினமும் காலையில் பார்க்கும் போர் அதுதான் என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

தலைப்புகள் எல்லா ஆண்டும் ஒரே தரத்தில் அமைவதில்லை. 2021-22இல் வந்த ‘நாம் அனைவரும் இணைந்திருக்கிறோம்’ பிள்ளைகளின் கற்பனைக்கு நல்ல தீனி. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘கருணையோடு தலைமை தாங்கு’ என்ற தலைப்புக்கு, காந்தியடிகள், அன்னை தெரசா, அப்துல் கலாம் ஆகியோரின் முகங்களைப் பார்த்து வரைவதோடு பலர் நின்றுவிட்டார்கள். 2023-24இன் ‘கனவு காணத் துணி’ என்பதற்குத் தலையணையில் படுத்திருக்கும் சிறுவனும் அவன் தலைக்கு மேல் ஒரு மேகமும் என்று படங்கள் குவிந்தன. தலைப்பு பொதுவாக இருக்கும் ஆண்டுகளில் ஆசிரியரின் வேலை இரட்டிப்பாகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

தாளும் வண்ணமும் பற்றிய விதிகள் கண்டிப்பானவை. ஓவியம் 13க்கு 20 அங்குலத்துக்குக் குறையவும் 20க்கு 24 அங்குலத்தை மிஞ்சவும் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் முழு சார்ட் 22க்கு 28 அங்குலம் என்பதால் அப்படியே பயன்படுத்த முடியாது; அதைச் சரிபாதியாக வெட்டினால் கிடைக்கும் 14க்கு 22 அங்குலம் விதிக்குள் அடங்கிவிடும். ஏ3 தாள் சிறிது, ஏ2 தாள் பொருத்தம். ஆனால் சாதாரண சார்ட்டில் நீர் கலந்த வண்ணத்தை இரண்டாம் முறை பூசினாலே தாள் நெளிந்துவிடும் என்பதால், செலவு சற்றுக் கூடினாலும் கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாளையே வாங்குங்கள். ஓவியத்தைச் சுருட்டிக் குழாயில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். எனவே கெட்டி அட்டை, சட்டம், லேமினேஷன் எதற்கும் இடமில்லை. துணி, மணி, மினுக்குத் தாள் என்று எதையும் ஒட்டவோ தைக்கவோ கூடாது. போஸ்டர் கலரைத் தடிப்பாகப் பூசினால் சுருட்டும்போது வெடித்து உதிரும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட வேண்டும். சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுவது நல்லது. பேஸ்டல், கரி, சாக்பீஸ் ஆகியவற்றை அனுமதிக்கிறார்கள் என்றாலும் அவற்றின் மேல், வண்ணம் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிக்க வேண்டும். ஒரு பட்டர் பேப்பரும் வைத்துச் சுருட்டினால் மேலும் பாதுகாப்பு.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் காலம். நவம்பர் 15 என்ற கெடு வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. மழை நாள்களில் தாள் ஈரம் குடித்துத் தளர்ந்து போவதும், வண்ணம் காயாமல் பிசுபிசுப்பதும், விடுமுறை அறிவிப்புகளால் வகுப்பு தடைபடுவதும் வழக்கம். தீபாவளியும் அதே காலத்தில் வந்துவிடும். ஆகவே காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பென்சில் வரைவுகளை முடித்து, விடுமுறை முடிந்தவுடன் வண்ணத்தைத் தொடங்கி, அக்டோபர் நடுவுக்குள் முடிப்பதுதான் எங்கள் திட்டம்.

பாராட்ட வேண்டியதைப் போலவே குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமைதி என்பது பலர் சேர்ந்து செய்யும் காரியம்; ஆனால் ஓர் ஓவியம் ஒரே மாணவரின் கைவேலையாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது விதி. போட்டி என்ற வகையில் அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதை ஈடு செய்ய, பென்சில் எடுப்பதற்கு முன் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துப் பேசவிடுகிறேன். யாரோடு சண்டை போட்டாய், எப்படிச் சமாதானம் ஆனாய், உன் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று கேட்டால் கதைகள் தாமாக வரும். கூட்டாகவே வரைய வேண்டும் என்று விரும்பும் பள்ளிகளுக்கு, 1995இல் ஜப்பானியர்களின் முயற்சியால் தோன்றிய ‘கிட்ஸ் குவெர்னிகா’ என்ற திட்டத்தின் முறை பொருத்தமாக இருக்கும். 1937 ஏப்ரல் 26 அன்று குண்டுவீச்சில் அழிந்த, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள அதே பெயருடைய நகரத்துக்காகப் பிக்காசோ வரைந்த குவெர்னிகா ஓவியத்தின் அளவிலேயே, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே துணியில் பிள்ளைகள் பலர் சேர்ந்து அமைதிக்கான படத்தை வரைகிறார்கள். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. அவ்வளவு பெரிய துணியை விரிக்க இடம் வேண்டும் என்பதுதான் ஒரே இடையூறு. அந்த மூல ஓவியத்திலும் ஒரு முழக்கம்கூட எழுதப்படவில்லை என்பதை மாணவர்களுக்குக் காட்டினால், எழுத்தில்லாத விதியின் பொருள் அவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

அடுத்த குறை, ஆண்டுதோறும் உலக அளவில் தேர்வாகும் ஓவியங்களைப் பற்றியது. அவற்றின் வண்ணத் திறனும் நுணுக்கமும் வியப்பூட்டுபவை. பதின்மூன்று வயதுக் கையா என்று எண்ண வைப்பவை. எனினும் தொடர்ந்து பார்த்துவருகிறவருக்கு அவற்றில் ஒரு பொதுச் சாயல் தெரியும். வழிந்தோடும் கூந்தலில் உலக நாடுகள், இறகுகளில் மனித முகங்கள், ஒரு குழந்தையின் கண்மணிக்குள் பூமி என்று உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முந்தைய ஆண்டுகளின் படங்களைப் பார்த்தே அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் கற்கிறார்கள் என்பதால் இது நேர்கிறது. யூடியூபில் அமைதிச் சுவரொட்டி வரைவது எப்படி என்று காட்டும் காணொளிகள் ஏராளம். ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து வந்த நான்கு பிள்ளைகளின் படங்களில் ஒரே புறா, ஒரே கோணத்தில் பறந்ததை நான் கண்டிருக்கிறேன். படியெடுத்த ஓவியங்களை ஏற்பதில்லை என்று விதி சொன்னாலும், யோசனையைப் படியெடுப்பதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. அதைத் தடுக்கக் கூடியவர் வகுப்பறையில் இருக்கும் ஆசிரியர் ஒருவரே. முந்தைய வெற்றி ஓவியங்களை வரைவு முடியும் வரை என் மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. முடிந்த பிறகு காட்டினால், அவற்றின் ஒளி நிழல் உத்திகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது மூன்றாவது குறை. கிட்டில் வெற்றி பெறும் ஒரு மாணவருக்கும் பள்ளிக்கும் மட்டுமே சான்றிதழ் இருக்கிறது. வாரக்கணக்கில் உழைத்த மற்றப் பிள்ளைகளுக்குப் போட்டியின் சார்பில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. தேர்வாகாத ஓவியத்தைப் பற்றி ஒரு வரிக் கருத்தும் திரும்பி வருவதில்லை. உள்ளூர்ச் சங்கத்தாரிடம் கேட்டு, பங்கேற்ற அனைவருக்கும் தனியே சான்றிதழ் அச்சிட்டு வாங்கலாம். அதைவிடச் சிறந்த வழி, எல்லா ஓவியங்களையும் பள்ளியின் நடைவழியில் ஒரு வாரம் மாட்டி வைத்துப் பெற்றோரை அழைப்பது. கஞ்சி வரிசையை வரைந்தவனின் படத்துக்கு முன்னால், அந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பெற்றோர் வெகு நேரம் நின்று, அகப்பை பிடித்திருக்கும் பெரியவர் யார் என்று அடையாளம் சொன்னார். சான்றிதழால் அந்த மகிழ்ச்சியைத் தர முடியாது.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக, அதே தலைப்பில், அதே வயதினருக்கு, 500 சொற்களுக்கு மிகாத கட்டுரைப் போட்டி ஒன்றையும் இதே அமைப்பு நடத்துகிறது. அது நம் பள்ளிகளில் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒருங்கிணைந்த கல்வி முறையில் அத்தகைய மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், ஓவியப் போட்டிக்காகச் சங்கத்தை அணுகும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளிகள் இதில் பங்கேற்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். கிட்டின் செலவு சங்கத்துடையது. மாணவரிடம் கட்டணம் எதுவும் கிடையாது. ஓவிய ஆசிரியர் இல்லாத, அல்லது வாரத்தில் சில நாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள், 2022 முதல் அரசு நடத்திவரும் கலைத் திருவிழாவுக்கான பயிற்சியோடு இதையும் இணைத்துக்கொண்டால் தனி நேரம் தேட வேண்டியிருக்காது. வண்ணத்திறன் மிக்க பிள்ளையைத் தேடிப் பிடித்து வெற்றி பெற வைப்பது மட்டுமே நோக்கம் என்றால், இந்தப் போட்டியில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான பிள்ளைகள் வரைகிறார்கள். ஒரு வகுப்பு முழுவதையும், தங்கள் தெருவையும் பக்கத்து வீட்டாரையும் உற்றுப் பார்க்க வைப்பது நோக்கம் என்றால் இதைவிடப் பொருத்தமான போட்டியை நான் அறியேன்.

பங்கேற்க நினைக்கும் பள்ளிகள் ஜூலை மாதத்திலேயே ஊரின் அரிமா சங்கச் செயலாளரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. அக்டோபர் 1 என்பது கிட் வாங்குவதற்கான கடைசி நாளே தவிர, வரையத் தொடங்குவதற்கான நாள் அல்ல. பிள்ளைகள் அதிகமாக இருக்கும் பள்ளி என்றால், ஒரு கிட்டுக்கு ஓர் ஓவியம் என்ற கணக்கைச் சொல்லி இரண்டு கிட் வாங்கித் தர இயலுமா என்றும் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் நிறுத்தாமல், தனியே தேர்ந்தெடுக்க அது உதவும்.